ஏரி வண்டலில் குரோமியம்: மண்புழுவைக் கேட்டீர்களா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஆம்பூர் பக்கத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடும் இருக்கின்றன. சித்திரையில் எங்கள் ஏரியில் வண்டல் எடுக்க அனுமதி கொடுத்தார்கள். 22 டிராக்டர் லோடு அடித்து வயல் ஓரத்தில் குவித்து வைத்திருக்கிறேன். அந்த ஏரிக்கு ஒரு காலத்தில் தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) தண்ணீர் வந்ததாகப் பக்கத்து நிலத்துக்காரர் சொன்னார். பயந்துபோய் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மொத்தக் குரோமியம் கிலோவுக்கு 410 மில்லிகிராம், ஈ.சி. 3.6, பி.எச். 8.4 என்று வந்திருக்கிறது. மருந்துக்கடைக்காரர் 'கன உலோக முறிப்பான்' என்று ஒரு திரவம் தருகிறார். லிட்டர் 1,450 ரூபாய், ஏக்கருக்கு 4 லிட்டர், கூடவே ஜிப்சமும் போடு என்கிறார். ஜிப்சம் எத்தனை மூட்டை போடலாம்? கத்தரி நடலாமா? மாட்டுப் பாலில் விஷம் இறங்குமா? ஆடிக்குள் பரப்பியாக வேண்டும்.

பதில்: ஜிப்சம் இப்போதைக்கு ஒரு மூட்டைகூட வேண்டாம். முறிப்பான் எப்போதுமே வேண்டாம். வண்டலை இன்னும் பரப்பாமல் வைத்திருக்கிறீர்களே, அதற்கு உங்கள் பக்கத்து நிலத்துக்காரருக்கு ஒரு நல்ல காபி வாங்கிக் கொடுங்கள். ஆடிப் பட்டம் உங்கள் சொந்த மண்ணிலேயே நடக்கட்டும். குவியல் எங்கும் ஓடிவிடாது.

முறிப்பானை முதலில் முடித்துவிடுகிறேன். குரோமியம் ஒரு தனிமம். பூச்சிமருந்து மாதிரி வெயிலில் சிதையாது, எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று செரித்துவிடாது. இன்று மண்ணில் இருப்பது உங்கள் பேரன் காலத்திலும் இருக்கும். அதிகபட்சம் அதன் வடிவத்தை மாற்றலாம், அவ்வளவுதான். நான் பார்த்த இந்த வகைப் புட்டிகள் எல்லாமே ஹியூமிக் அமிலக் கரைசல்தான், அதாவது மக்கிய அங்ககப் பொருளின் சாறு. அங்ககப் பொருள் கெட்ட குரோமியத்தைச் சாதுவான குரோமியமாக மாற்றும் என்பது உண்மை. ஆனால் அந்த வேலையை உங்கள் எருக்குழியில் கிடக்கும் மக்கிய சாணமே செய்யும். ஏக்கருக்கு 5,800 ரூபாய் கொடுத்துக் கறுப்புத் தண்ணீர் வாங்குவானேன்? அந்தப் புட்டியில் எந்த உலோகம், எந்த வடிவம், எவ்வளவு நாளில் என்று அச்சடித்திருக்கிறதா எனக் கடைக்காரரிடம் கேளுங்கள். பேச்சு மாறிவிடும்.

கெட்டது, சாது என்றேன் இல்லையா, உங்கள் அறிக்கை சொல்லாமல் விட்டது அதைத்தான். தோல் பதனிட உதவுவது குரோமியம் சல்பேட். அது மூன்று இணைதிறன் குரோமியம். உங்களுடையதைப் போலக் காரத்தன்மையுள்ள மண்ணில் அது கரையாமல் படிந்து கிடக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் வேறு ஜாதி. தண்ணீரோடு ஓடும், உயிரணுக்குள் எளிதாக நுழையும், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன ஒரு லட்சம் டன்னுக்கு மேலான கழிவில் சிக்கலே இந்த இரண்டாவது வகைதான். மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் கசியும். உங்கள் ஏரிக்கு வந்தது தோல் ஷாப் தண்ணீர் மட்டும் என்றால் பெரும்பகுதி முதல் வகையாகத்தான் இருக்கும். ஆனால் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு அதில் கொஞ்சத்தை இரண்டாவது வகையாக மாற்றக்கூடும். அதனால் ஊகத்தில் விடக்கூடாது.

மொத்தக் குரோமியம் பார்க்க மண்ணை அமிலத்தில் கொதிக்கவைத்துக் கரைத்துவிடுவார்கள். செடியின் வேர் அமிலத்தில் கொதிக்க வைப்பதில்லை. 410 என்பது மண்ணில் எவ்வளவு பூட்டிக் கிடக்கிறது என்ற கணக்கு. எவ்வளவு வெளியே வரும் என்பது வேறு கணக்கு. அதற்காக 410 சாதாரண எண் என்று நினைக்காதீர்கள். கடையில் விற்கும் மண்புழு உரத்தில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக்கூடாது என்கிறது மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை. உரத்துக்கான வரம்பை அப்படியே மண்ணுக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் உரம் என்று நினைத்துத்தானே இதை வயலில் கொட்டப் போகிறீர்கள்?

நீங்கள் கேட்காமல் விட்டது உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க மூட்டை மூட்டையாக உப்புத் தடவித்தான் ஷாப்புக்கு வரும். அதை ஊறவைத்துக் கழுவிய தண்ணீர்தான் பாலாற்றங்கரை நிலங்களைக் கெடுத்ததில் பெரும்பங்கு வகித்தது. அந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்த முதற்கட்டக் கணக்கெடுப்பை உச்ச நீதிமன்றமே 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பில் எடுத்துச் சொன்னது. உப்பின் அளவைக் காட்டும் எண்தான் ஈ.சி., உங்கள் வண்டலில் அது 3.6. ஒன்றுக்குள் இருந்தால் கவலையில்லை, மூன்றைத் தாண்டினால் பல விதைகள் முளைக்கவே தயங்கும். குரோமியம் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் நடுங்குகிறது. முதல் பட்டத்திலேயே பயிரைச் சாய்க்கப்போவது உப்பாகத்தான் இருக்கும்.

ஜிப்சம் விஷயமும் இதில்தான் இருக்கிறது. மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை ஜிப்சம் பெயர்த்தெடுக்கும். பெயர்ந்ததைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். கிணறும் உப்பாக இருந்தால் யாரைக் கொண்டு யாரைக் கழுவுவது? சோடியம் விகிதம் பார்க்காமல் 'ஏக்கருக்கு இத்தனை மூட்டை' என்று சொல்பவர் மண்ணுக்கு வைத்தியம் பார்க்கவில்லை, வியாபாரம் பார்க்கிறார்.

அப்புறம் மாதிரி. இதில் எனக்குக் கொஞ்சம் வெறி உண்டு என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். ஒருமுறை ஒரே குவியலிலிருந்து அண்ணன் ஒரு பை, தம்பி ஒரு பை என்று தனித்தனியாக ஆய்வகத்தில் கொடுத்து, இரண்டு முடிவும் ஏணி வைத்தாலும் எட்டாமல் போய், என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் எடுத்தது வரத்துக்கால் வாயில் தோண்டிய லோடு, மற்றவர் எடுத்தது நடு ஏரி லோடு. கழிவு முதலில் படிவது வரத்துக்கால் வாயில்தான். உங்கள் 22 லோடும் ஒரே மண் இல்லை. எந்த லோடு எங்கே தோண்டியது என்று டிராக்டர்காரரிடம் கேட்டு, குவியலை அதன்படி பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் பதினைந்து இருபது இடத்தில், மேல்பொருக்கை விட்டு உள்ளே கைவிட்டு எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்கு பங்காக்கி, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். எவர்சில்வர் கரண்டியால் எடுக்காதீர்கள், அதிலேயே குரோமியம் இருக்கிறது. பழைய உரச்சாக்கும் கூடாது. பிளாஸ்டிக் குவளையே போதும்.

இந்த முறை ஆய்வகத்தில் மூன்றைக் கேளுங்கள்: ஆறு இணைதிறன் குரோமியம், செடிக்குக் கிடைக்கும் வடிவில் உள்ள அளவு, சோடியம் விகிதம். முதலாவதற்கு மண்ணைக் காயவைக்காமல் ஈரத்தோடு, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோங்கள். காயும்போதே கணக்கு மாறிவிடும். காரக் கரைசலில் பிரித்தெடுத்து ஒரு வினைப்பொருள் சேர்த்தால், அந்த வகை இருந்தால் ஊதா கலந்த சிவப்பு நிறம் வரும். நிறத்தின் அடர்த்தியை வைத்து அளவைச் சொல்வார்கள். வந்தால் எனக்கு எழுதுங்கள், அன்னபேதி (இரும்பு சல்பேட்) போடுவதைப் பற்றி அப்போது பேசலாம்.

சரி, முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். மண்புழுவைக் கேளுங்கள்.

இது பாட்டி வைத்தியம் இல்லை. ஒரு மண் உயிருக்கு ஆகுமா ஆகாதா என்று அறிய விஞ்ஞானிகள் உலகம் முழுக்கச் செய்வதுதான். 1984-லேயே ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு இதற்கு முறை வகுத்தது. நஞ்சை வெவ்வேறு அளவில் கலந்த மண்ணில் புழுக்களை விட்டு, 14 நாளில் எந்த அளவில் பாதிப் புழு சாகிறது என்று பார்ப்பார்கள். எனக்கு அந்தச் சோதனையில் பெரிய மரியாதை கிடையாது. மாடு சாகவில்லை, ஆனால் வருஷக்கணக்கில் சினையே பிடிக்கவில்லை என்றால் அதை நல்ல மாடு என்பீர்களா? பின்னால் வந்த சோதனைதான் அதைக் கேட்டது: 28-ஆம் நாள் தாய்ப்புழுக்களை வெளியே எடுத்துவிட்டு, 56-ஆம் நாளில் குஞ்சுப் புழு எத்தனை என்று எண்ணுவது. பெரிய புழு கொழுகொழுவென்று இருக்க, குஞ்சு ஒன்றுகூட இல்லாத மண் உண்டு.

உங்களால் வீட்டிலேயே செய்ய முடிந்தது இரண்டு நாள் சோதனை. பிளாஸ்டிக் தொட்டியின் நடுவில் ஓர் அட்டையை நிறுத்துங்கள். ஒரு பக்கம் உங்கள் வயல் மண், மறுபக்கம் வண்டல். இரண்டும் ஒரே பதமாக, பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில் இருக்க வேண்டும். ஈரம் மாறினால் புழு ஈரத்தைத் தேடிப்போகும், சோதனை வீண். அட்டையை எடுத்துவிட்டு, அந்தக் கோட்டில் வளர்ந்த புழு பத்து விடுங்கள். துளையிட்ட மூடி போட்டு நிழலில் வையுங்கள். 48 மணி நேரம் கழித்து அட்டையை மறுபடி செருகி, பக்கத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். இப்படி ஐந்து தொட்டி. கூடவே இரண்டு பக்கமும் வயல் மண்ணையே போட்ட ஒரு தொட்டியும் வேண்டும். அதில் புழு ஏறக்குறைய பாதிப்பாதியாகப் பிரியாவிட்டால் தப்பு உங்கள் கைவேலையில் இருக்கிறது, மண்ணில் இல்லை. ஐந்து தொட்டியிலும் சேர்த்து 50 புழுவில் வண்டல் பக்கம் பத்துக்கும் குறைவாக இருந்தால் அந்த மண் உயிர் குடியிருக்க லாயக்கில்லை என்பது உலகத்தர முறையின் வரம்பு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். புழு 'வேண்டாம்' என்று சொல்லும், 'ஏன்' என்று சொல்லாது. உப்புக்கு ஓடியதா உலோகத்துக்கு ஓடியதா என்பதற்கு ஆய்வகம்தான் வேண்டும். அதேபோல ஆய்வகம் எண்ணைச் சொல்லும், அந்த எண்ணால் உயிருக்கு என்ன ஆகும் என்று சொல்லாது. இரண்டும் சேர்ந்தால்தான் பதில். ஆறாயிரம் ரூபாய் புட்டிக்கு இருக்கிறது, பத்துப் புழுவுக்கு நேரம் இல்லை என்றால் நான் என்ன சொல்ல?

இனி கத்தரியும் பாலும். குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், காய்க்கு ஏறுவது சொற்பம். கீரையும் முள்ளங்கியும் அப்படி இல்லை. உள்ளே ஏறாவிட்டாலும் மண் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வரும், அதனால் அந்த மண்ணில் அவை வேண்டாம். மூன்று இணைதிறன் குரோமியம் மாட்டுக் குடலில் உறிஞ்சப்படுவதே மிகக் குறைவு, பாலைப் பற்றி இப்போதைக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் குவியல் மேல் முளைத்த புல்லில் மாட்டைக் கட்டாதீர்கள். மேயும் மாடு புல்லோடு மண்ணையும் சேர்த்தே தின்னும். கோழியும் அங்கே கிளற வேண்டாம், அந்த மண்ணைத் தின்ற புழுவைத்தான் அது தின்னப்போகிறது.

மழைக்கு முன்னால் குவியலைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு வரப்புக் கட்டி, மேலே தார்ப்பாய் போடுங்கள். கோபத்தில் கொண்டுபோய் ஓடையில் தள்ளிவிடாதீர்கள், கீழ்மடைக்காரருக்கும் ஒன்றரை ஏக்கர் இருக்கும். ஐந்து தொட்டியின் எண்ணிக்கையையும், ஏரியில் எந்தெந்த இடத்தில் தோண்டினார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். நடு ஏரி லோடு தேறினால் அதை எவ்வளவு, எதோடு கலந்து போடலாம் என்று அப்போது சொல்கிறேன்.