நிருபர் வேலையை விட்டுப் படிப்பிக்கப் போகலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக நிருபராக இருக்கிறேன். பொதுப்பட்டம் பெற்றவள். பல்கலைக்கழக ஊடகக் கற்கை மாணவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் செய்தி எழுதப் பழக்கும்படி கேட்டிருக்கிறார்கள். இதையே தொழிலாக்கி, ஆய்வும் செய்ய ஆசை. "எழுத வராதவர்தான் படிப்பிக்கப் போவார்" என்று எங்கள் பத்திரிகை ஆசிரியர் சிரிக்கிறார். அம்மாவோ, "கம்பஸ் வேலை என்றால் உடனே போ" என்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, கோப்பாய்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அம்மாவின் கணக்கைப் பார்ப்போம். உங்களை அழைத்திருப்பது வருகை விரிவுரையாளராக. மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பனவு, அவ்வளவுதான். நிரந்தரப் பதவிக்கு விளம்பரம் வந்தால் உங்கள் ஒன்பது ஆண்டு அனுபவத்தைவிட, ஒரே பாடத்தை ஆழமாகப் படித்த விசேட பட்டமா, எந்த வகுப்புச் சித்தி என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பொதுப்பட்டத்தோடு அந்தப் படி ஏற, ஆய்வை உள்ளடக்கிய முதுகலைமாணியோ முதுதத்துவமாணியோ (எம்.ஃபில்) வேண்டியிருக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கையை நீங்களே வாசியுங்கள். கன்டீனில் சொல்வதை நம்பவேண்டாம். அதுவரை வேலையை விடாதீர்கள்.

உங்கள் ஆசிரியரின் பகிடி பழையது. ஒரு வகுப்பின் பயிற்சித் தாள்களைத் திருத்தக் கொடுத்தால் அவர் சிரிப்பாரா தெரியவில்லை. "சாவகச்சேரியில் நேற்று இடம்பெற்ற விபத்தில் இளைஞர் ஒருவர் படுகாயமடைந்தார்" என்று மாணவன் எழுதியிருப்பான். யார் சொன்னது? பொலிஸா, வைத்தியசாலையா, தெருவில் நின்றவரா? வீட்டாருக்குத் தகவல் போய்விட்டதா? யாருக்கு முதலில் தொலைபேசி எடுப்பது, எதை எழுதாமல் விடுவது என்பதெல்லாம் உங்களுக்குக் கைப்பழக்கம். அந்தப் பழக்கத்தைக் காரணத்தோடு இன்னொருவருக்குச் சொல்வது வேறொரு வித்தை. அது உங்களுக்கு வருகிறதா என்பதை ஒரு பருவத்திலேயே கண்டுகொள்ளலாம்.

ஆய்வுக்கு வருகிறேன். கடிதத்தில் தலைப்பு எதுவும் இல்லை. தயவுசெய்து "ஊடகமும் சமூகமும்" என்று தொடங்காதீர்கள். அதில் விழுந்து எழும்பாதவர்கள் பலர். உங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தைப் பிரித்து வையுங்கள். ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும் இன்னோர் ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார். பிள்ளைகள் கனடா, லண்டன், பாரிஸ். வதிவிடமாக வரும் இந்த இரண்டாவது ஊர் எந்த ஆண்டுகளில் கொழும்பை விட்டு வெளிநாடாக மாறியது? 31ஆம் நாள் நினைவஞ்சலிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அந்தப் பணம் இல்லாவிட்டால் முதற்பக்கச் செய்தியை அச்சிட முடியுமா? இடப்பெயர்வும் பத்திரிகைப் பொருளாதாரமும் ஒரே பக்கத்தில் கிடக்கின்றன. வெளியூர் ஆய்வாளர் அதை விளம்பரம் என்று புரட்டிவிடுவார். பத்திரிகைக்குள் இருக்கும் உங்களுக்குத்தான் அதன் கணக்குத் தெரியும்.

பத்தாண்டுக்கு ஒரு மாதம் எடுத்து அந்த அறிவித்தல்களை எண்ணிப் பாருங்கள். ஆனால் மாதத்தைக் கவனமாகத் தெரியுங்கள். 1995 நவம்பரை எடுத்தால், போரால் யாழ்ப்பாணத்து மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறிய ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பிந்திய மாதம் அது. அதைச் சாதாரண மாதமொன்றோடு ஒப்பிட முடியாது.

பழைய இதழ்கள் கிடைப்பதும் இலேசல்ல. 1841இல் உதயதாரகை பத்திரிகை வந்த ஊர் இது. 1981இல் பொது நூலகத்தை எரித்த அந்த நாட்களிலேயே ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் எரிந்தது. மிஞ்சியதில் ஒரு பகுதி 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணைய மின்னூலகத்தில் இருக்கிறது. மற்றவற்றுக்கு வீடு வீடாகக் கேட்க வேண்டும். உங்கள் அலுவலகத்தின் பழைய இதழ்க் கட்டுகளைப் பார்க்க எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச் சம்மதம் நிர்வாகம் மாறினால் காற்றோடு போய்விடும்.

சக ஊழியர்களை நேர்காண நினைத்தால் மிகவும் யோசியுங்கள். 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாண ஊடகவியலாளர் நிமலராஜன் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் திகதி இரவு உதயன் நாளிதழின் அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்கள் இன்னும் மேசைகளில் இருக்கிறார்கள். "மூத்த துணை ஆசிரியர் ஒருவர்" என்று பெயரை மறைத்தாலும் யாழ்ப்பாணத்தில் அவர் யாரென்று தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியது உங்களுக்குப் பாதுகாப்பு. அவருக்கு அது போதாது. எழுதிய பகுதியை அவரிடமே காட்டி, வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். நிருபராக இருந்தால் பிரசுரத்துக்கு முன் காட்டமாட்டீர்கள் என்பது தெரியும். இங்கே வழக்கம் வேறு.

ஆங்கிலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். பதவி உயர்வுக்குக் கணக்கில் வரும் ஆய்விதழ்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. இன்றிலிருந்தே ஒவ்வொரு வாரமும் ஒரு ஆய்வுக் கட்டுரையாவது வாசியுங்கள். அப்படியே இரண்டு பக்கத்தில் ஒரு முன்மொழிவு எழுதி, முதல் வகுப்புக்குப் போகும்போது துறைத் தலைவரிடம் கொடுத்து, மேற்பார்வைக்கு யார் இருக்கிறார் என்று கேளுங்கள். ஒருவரும் இல்லை என்றால் கொழும்பிலோ களனியிலோ பதிவு செய்யும் வழியை விசாரியுங்கள். அலுவலகத்தில் சனிக்கிழமை விடுமுறை தருவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.