கண்ணாடி உள்ள கேமராவா, இல்லாததா?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஒன்றரை வயது. வீட்டுக்குள் அவன் ஓடும்போது போனில் எடுத்தால் படம் கலங்கிவிடுகிறது. கேமரா வாங்க 70,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். கடையில் கேனான் 200டி மார்க் 2 டிஎஸ்எல்ஆரை இரண்டு லென்ஸ், பை, ட்ரைபாட் எல்லாம் சேர்த்துத் தருகிறேன் என்கிறார்கள். என் தம்பியோ, "இப்ப யார் டிஎஸ்எல்ஆர் வாங்குறாங்க? மிரர்லெஸ் வாங்கு, படம் சூப்பரா வரும்" என்கிறான். எதை வாங்குவது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: தம்பி சொல்லும் மிரர்லெஸ்ஸையே, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமராவையே வாங்குங்கள். ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக வேண்டாம்.

படத்தின் தரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. 200டி மார்க் 2, அதே கம்பெனியின் மிரர்லெஸ் ஆர்50 இரண்டிலுமே படம் பிடிக்கும் சென்சார் ஏபிஎஸ்-சி என்ற ஒரே அளவுதான், 24 மெகாபிக்சல். ஒரே வெளிச்சத்தில் இரண்டிலும் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால், எது எதில் எடுத்தது என்று எனக்கே சொல்லத் தெரியாது.

வித்தியாசம் ஃபோகஸில்தான். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் வெளிச்சம், உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே ஏறி உங்கள் கண்ணுக்கு வருகிறது. அதில் ஒரு பங்கு மட்டும் கீழே இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. 200டி மார்க் 2-வின் வியூஃபைண்டரில், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னலில், அந்த ஃபோகஸ் புள்ளிகள் மொத்தமே 9. அத்தனையும் நடுவில் கூடிக் கிடக்கும். பையன் ஓரத்துக்கு ஓடிவிட்டால் அங்கே பிடிக்கப் புள்ளி இல்லை. மிரர்லெஸ்ஸில் கண்ணாடியே கிடையாது. படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸையும் பார்த்துக்கொள்கிறது. முகம் எங்கே, கண் எங்கே என்று அதுவே தேடிப் பிடித்து, பையன் ஓட ஓடப் பின்னாலேயே போகும். ஒன்றரை வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 200டி மார்க் 2-விலும் வியூஃபைண்டரை விட்டுவிட்டுப் பின்பக்கத் திரையைப் பார்த்து எடுத்தால் கண்ணைப் பிடிக்கும் வசதி உண்டு. அப்போது கண்ணாடி மேலேறி ஒதுங்கிக்கொள்ளும், அதாவது அந்த நேரத்துக்கு அதுவும் ஒரு மிரர்லெஸ்தான். எப்போதும் ஒதுக்கியே வைக்கப்போகும் கண்ணாடிக்கு எதற்குக் காசு?

இன்னொரு வசதி, கற்றுக்கொள்பவர்களுக்கு ரொம்ப உதவும். கோபுரத்துக்குப் பின்னால் வெயில் அடிக்கும்போது டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டரில் எல்லாம் அழகாகத் தெரியும், ஏனென்றால் பார்ப்பது உங்கள் கண். எடுத்த பிறகு பார்த்தால் கோபுரம் கரிக்கட்டை. மிரர்லெஸ்ஸில் வரப்போகும் படமே வியூஃபைண்டரில் தெரிவதால், எடுப்பதற்கு முன்பே கரிக்கட்டை கண்ணில் பட்டுவிடும். அப்போதே சரிசெய்துகொள்ளலாம்.

எடையைப் பற்றிக் கடைக்காரர்கள் அதிகம் பேசுவார்கள். பேட்டரி, கார்டோடு 200டி மார்க் 2 சுமார் 449 கிராம், ஆர்50 சுமார் 375 கிராம். 74 கிராம் குறைவதற்காக முடிவை மாற்ற வேண்டியதில்லை. லென்ஸைப் பற்றி மட்டும் யோசியுங்கள். கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. புது லென்ஸ்கள் எல்லாம் மிரர்லெஸ்ஸுக்குத்தான் வருகின்றன. இன்று புதிதாகப் பணம் போடுபவர் மூடிக்கொண்டிருக்கும் கடையில் சீட்டு கட்ட வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்வியின் அசல் பிரச்சினைக்கு வருகிறேன். படம் கலங்குவதற்குக் காரணம் வெளிச்சக் குறைவு. குழந்தை ஓடுவதை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் நொடியில் 250-இல் ஒரு பங்கு நேரத்துக்குள் திறந்து மூட வேண்டும். வீட்டு ட்யூப்லைட்டில், கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ் அதற்குத் திணறும். ஆர்50-யோடு வரும் 18-45 லென்ஸ், 45-க்கு ஜூம் செய்ததும் எஃப் 6.3 ஆகிவிடும். இந்த எஃப் எண் கூடக்கூட லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் குறையும். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆகவே கேமராவை வாங்கிய கையோடு, முடியாவிட்டால் அடுத்த போனஸில், அந்த 50-ஐ வாங்கிவிடுங்கள். சின்னக் கூடத்தில் முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போக வேண்டியிருக்கும், ஏனென்றால் இந்த அளவு சென்சாரில் 50 என்பது 80 போல நெருங்கித் தெரியும். பழகிவிடும்.

பட்ஜெட் இடிக்கிறதே என்று அதே கம்பெனியின் மலிவான மிரர்லெஸ் ஆர்100 பக்கம் போய்விடாதீர்கள். அதன் திரை திரும்பாது, தொட்டாலும் வேலை செய்யாது. தரையில் தவழும் பிள்ளையை எடுக்க நீங்களும் தரையில் படுக்க வேண்டும். அப்புறம் அந்த இலவச ட்ரைபாட். அதன் மேல் போனை வேண்டுமானால் வைக்கலாம்.

கேள்வி: மிரர்லெஸ்ஸில் பேட்டரி நிற்காதாமே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உண்மைதான். மேலே சொன்ன இரண்டு கேமராவுக்கும் ஒரே பேட்டரிதான், எல்பி-இ17. அதே பேட்டரி 200டி மார்க் 2-வில் வியூஃபைண்டர் வழியே எடுத்தால் 1,070 படம் என்கிறது கம்பெனி. ஆர்50-இல் திரையைப் பார்த்து எடுத்தால் சுமார் 370. கண்ணாடிக்குக் கரண்ட் தேவையில்லை, திரைக்குத் தேவை, அவ்வளவுதான். ஒரு நாள் கல்யாணத்துக்குப் போனால் கூடுதலாக ஒரு பேட்டரி எடுத்துப் போங்கள். பிறந்தநாளுக்கும் சுற்றுலாவுக்கும் எடுப்பவர்கள் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

கேள்வி: என்னிடம் நிக்கான் டி7200, பழைய 50 எஃப் 1.8டி லென்ஸ், 18-140 கிட் லென்ஸ் இருக்கின்றன. மிரர்லெஸ்ஸுக்கு மாறினால் லென்ஸ்கள் வீணாகுமா? (வாசகர், சேலம்)

பதில்: ஒன்று வீணாகாது, ஒன்று பாதி வீண். பழைய லென்ஸை மிரர்லெஸ்ஸில் மாட்ட உதவும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரைப் போட்டால் உங்கள் 18-140 ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும், ஏனென்றால் அந்த லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. 50 எஃப் 1.8டி-யைக் கழற்றி அதன் பின்பக்க வளையத்தைப் பாருங்கள். திருப்புளி நுழையும் பள்ளம் போல ஒன்று தெரியும். கேமராவில் இருக்கும் மோட்டார் அந்தப் பள்ளத்தில் நுழைந்து சுற்றித்தான் ஃபோகஸ் செய்கிறது. அந்த மோட்டார் எஃப்டிஇசட்டில் இல்லை. படம் எடுக்கலாம், ஆனால் ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். டி7200 அருமையான கேமரா. எந்த விஷயத்தில் அது உங்களைக் கைவிட்டது என்று நீங்கள் எழுதவே இல்லை. கைவிடாத கேமராவை ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். 25,000 ரூபாய்தான் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: தாராளமாக. கும்பகோணத்து வாசகிக்கு நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. பலரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால் நல்ல டிஎஸ்எல்ஆர்களும் லென்ஸ்களும் விலை இறங்கிக் கிடக்கின்றன. மூடும் கடையில் சீட்டு கட்டக் கூடாது, ஆனால் தள்ளுபடியில் சாமான் வாங்கலாம். பழைய பாடியோடு ஒரு 50 எஃப் 1.8-ஐயும் சேர்த்துத் தேடுங்கள்.

வாங்கும்போது அவசரப்படாதீர்கள். நான் சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் பழைய ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கினேன். கடைக்குள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை பின்னியது போல ஃபங்கஸ். திருப்பிக் கொண்டுபோனால், "வாங்கும்போதே பார்த்திருக்கணும் சார்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதும் சரிதான்.

அதனால் லென்ஸைக் கழற்றச் சொல்லி, பின்பக்கம் போனின் டார்ச்சைப் பிடித்து முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய வேர் ஓடியது போலத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஓரிரு தூசிக்குப் பயப்பட வேண்டாம். பிறகு எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் சென்சார் மேல் தூசி. சுத்தம் செய்யலாம், அந்தச் செலவைப் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்றும் கேளுங்கள். நிக்கானில் அந்த எண் படத்தின் கோப்பிலேயே பதிவாகியிருக்கும், ஒரு படத்தை எடுத்து உங்கள் போனுக்கு மாற்றிப் பார்த்துவிடலாம். கேனானில் பெரும்பாலான மாடல்கள் அதைப் படத்தில் எழுதுவதில்லை. அங்கே தேய்ந்த பட்டனும் வழுவழுத்துப்போன பிடியும்தான் சாட்சி.

பழைய பில்லை வாங்கி, அதில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவுக்கு அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு பர்ஸை எடுங்கள்.