ரேயின் பெற்றோர் யார்: எந்தத் தியரி தேறியது?

கேள்வி இது: 'ஸ்டார் வார்ஸ்' மூலக் கதைவரிசையின் கடைசி மூன்று படங்களின் நாயகி ரேயின் பெற்றோர் யார் என்று ரசிகர்கள் ஆளுக்கொரு தியரி சொன்னார்களே, அவற்றில் எது நன்றாகப் பொருந்தியது? படம் கடைசியில் தந்த பதில் சரிதானா?

மூன்றையும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், தடயம் அதிகம் இருந்தது, பழைய படங்களில் வரும் ஜெடை என்ற வாள்வீரர் கூட்டத்து ஓபி-வான் கெனோபியின் வாரிசுதான் ரே என்ற தியரிக்கு. கதைக்கு நல்லது 2017 படம் சொன்ன 'யாருமில்லை' என்ற பதில். கடைசிப் படம் எடுத்ததோ பேரரசர் பால்பட்டீனை. வில்லனின் பேத்தி என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை எப்போது, யாருக்குச் சொன்னார்கள் என்பதில்தான் குறை. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இந்தக் குறை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2015 டிசம்பரில் வந்த 'த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' இந்தக் கேள்வியைக் கிளப்பிய விதத்தைப் பார்த்தால்தான் தியரிகளின் நியாயம் விளங்கும். ஜாக்கூ என்ற பாலைவனக் கோளில் 19 வயதுப் பெண் ஒருத்தி. கவிழ்ந்து கிடக்கும் போர் எந்திரத்தின் வயிற்றுக்குள் குடியிருக்கிறாள். விழுந்து கிடக்கும் கப்பல்களில் பாகம் கழற்றி, பழைய இரும்பு முதலாளி மாதிரி ஒருவனிடம் கொடுத்துச் சாப்பாடு வாங்குகிறாள். சுவரெல்லாம் நாள் எண்ணிக் கீறிய கோடுகள். விட்டுப்போனவர்கள் வருவார்கள் என்று காத்திருக்கிறாள். இவ்வளவோடு விட்டிருந்தால், பாவம் பிள்ளை என்று போயிருப்போம். இயக்குநர் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் சும்மா விடவில்லை. மாஸ் கனாட்டா என்ற ஆயிரம் வயதுக் கிழவி, யார் இந்தப் பெண் என்று பழைய படங்களின் நாயகர்களில் ஒருவனான ஹான் சோலோவிடம் கேட்கிறாள்; சோலோ வாயைத் திறக்குமுன் காட்சி மாறிவிடுகிறது. கூட ஒரு பெண்ணும் இருந்தாள் என்று கேட்டதுமே ஹானின் மகனும் வில்லனுமான கைலோ ரென் செய்தி சொன்ன அதிகாரியைத் தன் சக்தியால் கழுத்தோடு இழுத்து, எந்தப் பெண் என்று உறுமுகிறான். பதில் இருக்கிறது, இப்போது சொல்லமாட்டேன் என்று படமே கண்ணடிக்கிறது. அடுத்த படத்துக்கு இரண்டு வருடம். ரசிகன் வேறு என்னதான் செய்வான்?

முதலில் வந்தது, பழைய படங்களின் நாயகன் லூக் ஸ்கைவாக்கர்தான் தகப்பன் என்ற தியரி. கொழும்பில் வேலை செய்யும் பெரியம்மா மகன் படம் முடிந்த கையோடு போன் எடுத்து, "லூக்கின்ர மகள்தான், எழுதி வை" என்றான். அவனுடைய ஆதாரங்கள்: பாலைவனம், விமானம் ஓட்டும் திறமை, லூக்கின் பழைய ஒளிவாள் அவளைக் கூப்பிடுவது, பனிக்காட்டுச் சண்டையில் அந்த வாள் கைலோவைத் தாண்டிப் பறந்து அவள் கைக்குப் போவது. நல்ல ஆதாரங்கள்தான். ஆனால் சொந்த மகளைப் பாலைவனத்தில் போட்டுவிட்டுத் தீவில் தவம் இருக்கும் அப்பனை யார் நாயகன் என்று கும்பிடுவார்கள்? இதற்கு லூக் கட்சிக்காரர் ஒருவரிடமும் பதில் இல்லை.

ஹான், லூக்கின் சகோதரி லேயா தம்பதியின் மகள் என்பது அடுத்தது. அதற்குப் பெரிய சாட்சி, ஹான் கொல்லப்பட்ட பிறகு படத்தின் முடிவில் லேயா ரேயைக் கட்டிப்பிடிக்கும் காட்சி. ஹானின் வாழ்நாள் நண்பன் சூபக்கா பக்கத்தால் நடந்து போகிறான், அவனை விட்டுவிட்டு முன்பின் தெரியாத பெண்ணைப் போய் அணைக்கிறாள் லேயா. ஆகா, தாய்ப்பாசம் என்றார்கள். அது தான் விட்ட பிழை என்று ஏப்ரம்ஸ் பிறகு சொல்லிவிட்டார். ரசிகர்கள் மாதக்கணக்காகக் குடைந்த தடயம், படப்பிடிப்பில் கவனிக்காமல் விட்ட ஒன்று!

'ரோக் ஒன்' படத்தின் நாயகி ஜின் எர்சோதான் தாய் என்றும் கொஞ்சக் காலம் ஓடியது. 2016-இல் அந்தப் படம் வந்தபோது அதில் ஜின் செத்துப்போனாள். கதைக் கணக்கில் அது ரே பிறப்பதற்குப் பதினைந்து வருடம் முந்தி. வெட்டுப்பட்ட லூக்கின் கையிலிருந்து செய்த நகல்தான் ரே என்று ஒரு கூட்டம் சொன்னது. அதை விடுங்கள்.

கெனோபி தியரிக்கு வருகிறேன். ரே ஒளிவாளைத் தொட்டதும் ஒரு காட்சி அவள் கண்முன் விரிகிறதே, அதன் முடிவில் ஒரு குரல் அவள் பெயரைச் சொல்லி, இவை உன் முதல் அடிகள் என்கிறது. அது ஓபி-வானின் குரல். 'ரே' என்ற அழைப்பு மட்டும் 2000-இலேயே காலமான அலெக் கின்னஸின் பழைய பதிவிலிருந்து எடுத்தது. அவர் பேசிய ஒரு சொல்லின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து இந்தப் பெயரை உண்டாக்கினார்கள். மீதியைப் பேசியவர் இவான் மெக்ரெகர். இறந்துபோன நடிகரின் ஒலிநாடாவைத் தேடிப் பிடித்து வெட்டி ஒட்டும் அளவுக்கு ஒருவர் மினக்கெட்டால், அதற்கு அர்த்தம் இருக்கும் என்று நினைப்பது பிழையா? போதாததற்கு, காவலுக்கு நிற்கும் சிப்பாயின் மனத்தை வார்த்தையால் வளைக்கும் வித்தை. 1977 படத்தில் கெனோபி செய்து காட்டியதை ரே யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறாள். ஜெடைகளுக்குக் கல்யாணம் கூடாது என்ற விதி ஒன்று குறுக்கே நிற்கிறதுதான். லூக்கின் தகப்பன் அனகின் அந்த விதியை எந்த அழகில் காப்பாற்றினான் என்று எல்லோருக்கும் தெரியும்.

பால்பட்டீன் தியரியும் அப்போதே இருந்தது. கைலோவோடு மோதும்போது ரே வாளை நேராக நீட்டிக் குத்துகிறாள், பால்பட்டீன் 2005 படத்தில் குத்துவதும் அப்படித்தான் என்று இரண்டு காட்சிகளையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதிகம்.

பிறகு 2017. 'த லாஸ்ட் ஜெடை' படத்தை எழுதி இயக்கியவர் ரயன் ஜான்சன். ரே தீவின் அடியில் உள்ள குகைக்குள் போய், என் பெற்றோரைக் காட்டு என்று கேட்கிறாள். மங்கிய கண்ணாடிக்கு அப்பால் இரண்டு நிழல்கள் வருகின்றன, ஒன்றாகின்றன, கண்ணாடி தெளிந்தால் அவளுடைய முகமே நிற்கிறது. பின்னால் கைலோ பச்சையாகச் சொல்கிறான்: அவர்கள் பழைய சாமான் விற்றவர்கள், குடிக்கக் காசு வேண்டி உன்னை விற்றார்கள், ஜாக்கூ மணலில் எங்கோ புதைந்து கிடக்கிறார்கள். அதைவிட முக்கியம், இது உனக்கே தெரியும் என்று சொல்லி அவளையே ஒத்துக்கொள்ள வைப்பது. சுவரில் கோடு கீறியதெல்லாம் தெரியாததால் இல்லை, தெரிந்ததை ஒத்துக்கொள்ள முடியாததால். ஒரே காட்சியில் முந்தைய படம் முழுவதையும் திருப்பிப் பார்க்க வைத்த பதில் இது. கோபப்பட்டவர்கள் நிறையப் பேர். இரண்டு வருடம் தடயம் சேர்த்தவனிடம், துப்புத் துலக்க அங்கே ஒன்றுமே இல்லை என்றால் கோபம் வராதா? வரும்தான். ஆனாலும் ரேக்கு இதைவிடக் கொடிய பதில் இல்லை. அதைக் கேட்ட பிறகும் அவள் கைலோ நீட்டிய கையைப் பிடிக்கவில்லை என்பதில்தான் அவள் யார் என்று தெரிகிறது.

2019-இல் ஏப்ரம்ஸ் திரும்பி வந்தார், 'த ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' வந்தது. ரே பால்பட்டீனின் பேத்தி என்றது. கைலோ சொன்னது பொய்யில்லையாம். அவர்கள் யாருமில்லாதவர்களாக வாழ்வதைத் தாங்களே தேர்ந்துகொண்டார்களாம், பிள்ளையைக் காப்பாற்றவே விற்றார்களாம். பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற வேறு ஆள் கிடைக்காமல் அந்தப் பழைய இரும்பு முதலாளியிடமா கொடுப்பார்கள்? பேரரசனுக்கு மகன் எப்படி வந்தான் என்பதையும் படம் விளக்கவில்லை. அவன் பால்பட்டீனின் நகல் முயற்சி ஒன்றில் பிறந்தவன் என்ற விளக்கம் 2020-இல் வெளிவந்த நாவல் வடிவத்தில்தான் இருக்கிறது. பெற்றோருக்கு டேத்தன், மிராமிர் என்று பெயர் கிடைத்தது 2022-இல், இன்னொரு நாவலில். 2015-இல் உலகமே மண்டையை உடைத்த கேள்விக்கு முழுப் பதில் ஏழு வருடம் கழித்து வந்தது. அதற்குள் கேட்டவர்கள் கலைந்து போய்விட்டார்கள்.

இப்போது ஊர்க் கதை. எங்கள் அம்மம்மா தம்பலகாமத்துக்காரி. வீட்டில் முதல் படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இது பெட்டியில விட்ட பிள்ளையோ?" என்று கேட்டார். கிழக்கில் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் அவள் கதையான வழக்குரை பாடுவார்கள். அதில் வரும் கண்ணகி, சிலப்பதிகாரக் கண்ணகி மாதிரி நேரே வணிகன் வீட்டில் பிறப்பதில்லை. பாண்டியனின் தோட்டத்து மாங்கனியிலிருந்து வந்த பிள்ளை. ஆபத்து என்று பேழையில் வைத்துக் கடலில் விடுகிறார்கள், வணிகர்கள் எடுத்து வளர்க்கிறார்கள். கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த குளக்கோட்டனின் மனைவி ஆடகசவுந்தரியும் கலிங்கத்திலிருந்து பேழையில் மிதந்து வந்து உன்னாசகிரி அரசனிடம் வளர்ந்தவள் என்பது எங்கள் பக்க ஐதீகம். பால்பட்டீன் தியரிக்கே அச்சு அசலான முன்னோடி வேண்டுமென்றால் சீதையைப் பாருங்கள். அற்புத ராமாயணத்திலும் சமணர்களின் உத்தரபுராணத்திலும் அவள் மண்டோதரி பெற்ற பிள்ளை. உத்தரபுராணத்தில் இராவணனே தகப்பன். ஆபத்தான பிள்ளை என்று பெட்டியில் வைத்து மிதிலையில் புதைத்துவிடுகிறார்கள்.

கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைக் காட்டியும், கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளைத் தாயின் கிரியைக்காக அவன் தோண்டியது என்று சொல்லியும் வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். வில்லனின் இரத்தம் என்றால் எங்களுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

ஆனால் இந்தக் கதைகள் எல்லாம் ஒன்றைச் சரியாகச் செய்கின்றன. பெட்டி மிதப்பதைக் கேட்பவர் பார்த்துவிடுகிறார். மறைக்கப்படுவது பாத்திரத்திடமிருந்துதான். கண்ணகி சிலம்போடு பாண்டியன் சபையில் நிற்கும்போது, அவள் எங்கிருந்து புறப்பட்டவள் என்று கோயிலில் கேட்டுக்கொண்டிருக்கும் கிழவிக்குத் தெரியும். அரசனுக்குத் தெரியாது. அதனால் அந்தச் சபையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் கனக்கிறது. இராவணன் சீதையைத் தூக்கும்போதும் அப்படியே. எல்லாம் முடிந்து இராவணன் விழுந்த பிறகு யாரோ வந்து, அதுசரி, அவள் உன் மகள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? 2019 படம் ஏறக்குறைய அதைத்தான் செய்தது. முன்னைய இரண்டு படங்களில் ஒரு காட்சிகூட அந்த உறவால் கனம் கூடவில்லை.

'நான்தான் உன் தகப்பன்' என்று வில்லன் வேடர் 1980 படத்தில் லூக்கிடம் சொன்னபோது அதுவும் எங்களுக்குத் தெரியாதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். அதுவும் ஆரம்பத்திலேயே போட்ட திட்டம் இல்லை. 1978-இல் லீ பிராக்கெட் எழுதிய முதல் திரைக்கதையில் லூக்கின் தகப்பன் வேறு ஆள், ஆவியாகவே வருகிறார். ஆனால் அந்த ஒரு வரியால் கெனோபி பொய்யன் ஆனார், கையை ஏற்கெனவே இழந்திருந்த லூக் கீழே குதித்தான், அதைச் செரித்துக்கொள்ள அவனுக்கு இன்னொரு முழுப் படம் இருந்தது. ரேக்கு மிஞ்சியது ஒரு படத்தின் பாதி.

எந்தத் தியரி சரி என்று இன்னும் சண்டை பிடிப்பவர்களுக்கு ஒரு தகவல். ரேயாக நடித்த டெய்சி ரிட்லி 2020-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொன்னார்: ஆரம்பத்தில் ஓபி-வான் தொடர்பு யோசனையில் இருந்தது, பிறகு யாருமில்லை என்றார்கள், பிறகு பால்பட்டீன் என்றார்கள், கடைசிப் படத்தின் படப்பிடிப்பிலும் பதில் மாறிக்கொண்டே இருந்தது. ஆக, நாங்கள் தடயம் தேடிய காலத்தில் ஒளித்துவைக்கவே அங்கே ஒன்றும் இருக்கவில்லை. முன்பு அந்தப் படத்தை இயக்க இருந்து 2017-இல் விலகிய காலின் ட்ரெவாரோவின் திரைக்கதையில் ரே கடைசிவரை சாதாரணக் குடும்பத்துப் பெண்தான். அதைப் படமாகப் பார்க்க எனக்கு ஆசை.

கடைசிக் காட்சியில் ஒரு கிழவி குடும்பப் பெயர் கேட்க, ரே 'ஸ்கைவாக்கர்' என்கிறாள். (இனிஷலோடு வாழும் நமக்கு இந்தத் தவிப்பு கொஞ்சம் தூரம்தான், பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இல்லாதவர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள்.) இதே படத்தில், திருவிழாக் காட்சி ஒன்றில் இதே கேள்விக்கு, எனக்கு அப்படி ஒன்றும் இல்லை, நான் வெறும் ரே என்று சொன்னவள்தான். முடிவிலும் அதையே தலை நிமிர்ந்து சொல்லியிருந்தால் எனக்கு அந்தப் படம் பிடித்திருக்கும். பெரியம்மா மகனிடம் இதைச் சொன்னால் அவன் கேட்பதாக இல்லை. "பேர் ஸ்கைவாக்கர்தானே? அப்ப நான் அண்டைக்குச் சொன்னதுதானே சரி" என்கிறான்.