மின்சாரக் கார்: மாதச் செலவு உண்மையில் எவ்வளவு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: சிங்கப்பூரில் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனால் மின்சாரக் கார் கட்டுப்படியாகுமா? எந்தக் கார், மாதம் எத்தனை கிலோமீட்டர், எங்கே சார்ஜ் போடுகிறீர்கள் ஆகிய மூன்றையும் எழுதாமல் "எனக்கு எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வழியில்லை. அந்தக் கடிதங்களை ஒதுக்கிவிட்டேன். கீழே வரும் தொகைகள் எல்லாம் கணக்குக்காக முழு எண்ணாக்கியவை. யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி.

செங்காங் வாசகர்: மாதம் 80 வெள்ளிதான் ஆகும் என்று கார் விற்றவர் சொன்னார். எனக்கு 160க்கு மேல் வருகிறது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில்தான் சார்ஜ் போடுகிறேன். காரில் கோளாறா?

காரில் கோளாறு இல்லை. உங்களிடம் காட்டிய கணக்கில்தான் கோளாறு. அது சொந்த மீட்டரிலிருந்து சார்ஜ் போடும் தரைவீட்டுக்காரரின் கணக்கு.

போட்டுப் பார்ப்போம். ஏர்கானோடு நம் ஊர்ச் சாலையில் நடுத்தர மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் எடுக்கும். 1,500 கிலோமீட்டருக்கு 240 யூனிட். ஏசி (மாறுமின்னோட்ட) சார்ஜரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழியில் பத்து விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல் வெப்பமாகக் கழிந்துவிடும். ஆகவே மீட்டரில் 270 யூனிட் ஓடும். கழிந்ததற்கும் காசு கொடுப்பது நீங்கள்தான். வீட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு 30 காசு என்றால் 80 வெள்ளி. உங்கள் புளோக்கின் கீழ் உள்ள சார்ஜரில் 60 காசு என்றால் 160 வெள்ளி. இரண்டும் சரியான கணக்குத்தான், ஆனால் உங்களுக்கு உரியது இரண்டாவது.

இதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன், இன்னும் எழுதுவேன். இந்த ஊரில் பத்தில் எட்டுப் பேர் வசிப்பது வீவக வீட்டில். வீட்டு மீட்டரிலிருந்து காருக்கு மின்சாரம் எடுக்க அவர்களுக்கு வழியே கிடையாது. அப்படியிருக்க, அவர்களிடமே வீட்டுக் கட்டணத்தை வைத்துப் பெருக்கிக் காட்டுவது நியாயமில்லை. பொதுச் சார்ஜரின் விலையில் மின்சாரம் ஒரு பங்குதான். கருவி, கேபிள் பதிப்பு, பராமரிப்பு, செயலி, நிறுவனத்தின் லாபம் எல்லாம் அதில் அடக்கம்.

விளம்பரத் தாளில் இருக்கும் தூரக் கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். அந்தத் தூரத்தை அளக்கும் டபிள்யூஎல்டிபி சோதனை 23 டிகிரியில், ஏர்கானை அணைத்துவிட்டுச் செய்யப்படுவது. நம் ஊரில் ஏர்கான் போடாமல் யார் ஓட்டுகிறார்கள்?

பெட்ரோலோடு ஒப்பிடும்போதும் எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கும் கார், லிட்டர் 2.80 வெள்ளி என்று வைத்தால் அதே 1,500 கிலோமீட்டருக்கு 300 வெள்ளி. அங்கே உங்களுக்கு நல்ல மிச்சம். லிட்டருக்கு 23 கொடுக்கும் ஹைபிரிட் என்றால் சுமார் 180 வெள்ளி. அங்கே மிச்சம் 20 வெள்ளிதான். எப்போதும் 75 காசு டிசி (நேர்மின்னோட்ட) விரைவு சார்ஜரில் மட்டும் போடுகிறவர் ஹைபிரிட்காரர் கொடுக்கும் அதே தொகையைக் கொடுக்கிறார். இதை வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: முன்பணம் கட்டும் முன் உங்கள் சொந்தக் கார் நிறுத்துமிடத்துக்குப் போங்கள். அங்கே இருக்கும் சார்ஜரின் செயலியில் யூனிட் விலையைப் பாருங்கள். இரவு 9 மணிக்கு எத்தனை சார்ஜ் லாட் (கார் நிறுத்தும் இடம்) காலியாக இருக்கிறது என்று மூன்று நாள் பாருங்கள். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்றால் அந்த யூனிட் விலையை 270ஆல் பெருக்குங்கள். விற்பனையாளரின் தாள் தேவையே இல்லை.

பொங்கோல்: வீவக வீட்டுக்குக் கிடைக்கும் யூ-சேவ் எனும் அரசாங்கக் கட்டணக் கழிவைச் சார்ஜருக்குப் பயன்படுத்தலாமா?

முடியாது. அது வீட்டுக்கு மின்சார பில் அனுப்பும் எஸ்பி நிறுவனத்தின் கணக்கில் மட்டுமே கழியும்.

சிராங்கூன் கார்டன்ஸ், தரைவீடு: ஒவ்வொரு காலாண்டும் மின்கட்டணம் மாறுகிறது. நிலையான விலைத் திட்டத்துக்கு மாறலாமா?

நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இறக்குமதியாகும் இயற்கை எரிவாயுவில் இருந்து வருகிறது. முந்தைய காலாண்டின் முதல் இரண்டரை மாத எரிவாயு விலையின் சராசரிதான் அடுத்த காலாண்டுக் கட்டணத்தில் சேரும். ஆகவே உலகச் சந்தையில் இன்று விலை ஏறினால் அது சில வாரம் கழித்தே உங்கள் பில்லுக்கு வரும். அந்த இடைவெளியில் நிலையான விலைத் திட்டங்களும் ஏறிவிடும். முடிவெடுப்பதானால் கட்டணம் அமைதியாக இருக்கும்போது எடுங்கள்.

"கட்டணத்தில் இத்தனை விழுக்காடு தள்ளுபடி" என்ற திட்டம் வேறு, நிலையான விலை வேறு. தள்ளுபடித் திட்டத்தில் எஸ்பி கட்டணம் ஏறினால் உங்கள் விலையும் கூடவே ஏறும். ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள்: விலை பொருள் சேவை வரியையும் சேர்த்ததா, பாதியில் விலகினால் எவ்வளவு, காலம் முடிந்ததும் தானாக என்ன விலைக்குப் போகும். 2021 இறுதியில் சில மின்சார விற்பனை நிறுவனங்கள் சந்தையை விட்டே விலகின என்பதையும் நினைவில் வையுங்கள்.

பயப்படும் அளவுக்குத் தொகை பெரிதல்ல. யூனிட்டுக்கு 2 காசு ஏறினால் காருக்கு மாதம் கூடுதலாக 5 வெள்ளி சொச்சம். படுக்கையறை ஏர்கான் ஒன்று இரவு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 150 யூனிட் வரைகூட எடுக்கலாம். உங்கள் கார் அப்படிப்பட்ட இரண்டு ஏர்கானுக்குக் கொஞ்சம் குறைவு.

புக்கிட் தீமா: சார்ஜர் பொருத்தியதிலிருந்து நடுராத்திரியில் வீட்டு மெயின் விழுகிறது. சாயங்காலம் விழுவதில்லை. ஏன்?

உங்கள் மெயின் 40 ஆம்பியர் ஒற்றை ஃபேஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விவரம் போதும். சார்ஜர் 32 ஆம்பியர் எடுக்கிறது. 3 கிலோவாட் ஸ்டோரேஜ் ஹீட்டர் 13 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 45. 40 ஆம்பியர் பிரேக்கர் 45ஐ உடனே வெட்டாது. உள்ளே இருக்கும் உலோகத் தகடு மெல்லச் சூடேறி வளைய வேண்டும், வெட்டினாலும் நெடுநேரம் கழித்தே வெட்டும். ஏர்கானும் சேர்ந்துகொண்டால் நடுராத்திரிக்குள் விழத்தான் செய்யும்.

காசில்லாத வழி: சார்ஜரின் அமைப்பில் மின்னோட்டத்தை 16 ஆம்பியராகக் குறையுங்கள். 3.7 கிலோவாட்டில் எட்டு மணி நேரம் போட்டால் 29 யூனிட், அதாவது ஏறக்குறைய 160 கிலோமீட்டர். தினமும் அவ்வளவா ஓட்டுகிறீர்கள்? அதற்கு மேல் வேண்டும் என்றால் மெயின் கேபிளில் மின்னோட்ட உணரி ஒன்றை மாட்டி, வீட்டுச் சுமை ஏறும்போது சார்ஜர் தானாகக் குறையும்படி செய்யலாம். மூன்று ஃபேஸுக்கு மாறுவது கடைசி வழி. செலவு அதிகம்.

உரிமம் பெற்ற மின்பணியாளரை வரவழைக்கும்போது இன்னும் இரண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, சார்ஜருக்கென்று இருக்கும் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டதும் இணைப்பை வெட்டும் கருவி. பழைய ஏசி வகையாக இருக்கக் கூடாது. காரிலிருந்து டிசி கசிந்தால் அந்த வகை செயலிழந்துபோகும். ஷாக் அடிக்கும்போதும் விழாது. 6 மில்லியாம்பியர் டிசி கசிவைக் கண்டறியும் வசதி சார்ஜருக்குள் இருந்தால் ஏ வகை போதும், இல்லாவிட்டால் பி வகை வேண்டும். இரண்டு, ஐசொலேட்டர், அதாவது சார்ஜருக்குப் போகும் மின்சாரத்தை முழுக்கத் துண்டிக்கும் சுவிட்ச். அதன் மூடியைக் கழற்றி, கம்பி நுழையும் திருகுகளைப் பார்க்க வேண்டும். கம்பியின் உறை திருகை ஒட்டிய இடத்தில் பழுப்பேறி மொறுமொறுவென்று இருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது என்று பொருள். 32 ஆம்பியர் இரவு முழுக்க ஓடும் இடத்தில் தளர்ந்த திருகு அடுப்பு மாதிரி. பொருத்தி ஓராண்டு ஆனதும் ஒரு முறை கட்டாயம் இறுக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ்: இணையத்தில் மூன்று முனைப் பிளக் கொண்ட சார்ஜர் மலிவாகக் கிடைக்கிறது. தாழ்வாரத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு...

வேண்டாம். மின்வாகனச் சார்ஜ் சட்டம் 2023 டிசம்பர் 8ஆம் தேதி முதல் நடப்பில் இருக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாத சார்ஜரைப் பயன்படுத்துவது குற்றம். சுவர்ப் பிளக் கெட்டிலுக்கு மூன்று நிமிடம் தாங்கும். காருக்குப் பத்து மணி நேரம் தாங்காது. முதலில் உருகுவது பிளக்கின் உள்ளே இருக்கும் ஃபியூஸ் பிடி, அடுத்தது எக்ஸ்டென்ஷன் சுருள். எந்தச் சார்ஜரானாலும் ஆணையத்தின் ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஜூரோங் வெஸ்ட்: 22 கிலோவாட் சார்ஜரில் போட்டும் 7 கிலோவாட்தான் ஏறுகிறது. சார்ஜர் ஏமாற்றுகிறதா?

காரின் கையேட்டைப் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ஏசியை டிசியாக மாற்றுவது காருக்குள் இருக்கும் சார்ஜர். அது 7 கிலோவாட் ஒற்றை ஃபேஸ் என்றால் 22 கிலோவாட் கம்பத்தில் செருகினாலும் ஒரு ஃபேஸில் இருந்துதான் எடுக்கும். 22 கிலோவாட் கம்பத்துக்கு யூனிட் விலை அதிகம் என்றால் வீணாகக் கொடுக்கிறீர்கள். அதை 22 எடுக்கும் காருக்கு விட்டுவிட்டு, 7.4 கிலோவாட் லாட்டில் இரவு முழுக்கப் போடுங்கள்.

பிடோக்: பழைய 1.6 லிட்டர் காருக்குச் சாலை வரி 740 வெள்ளி. 100 கிலோவாட் மின்சாரக் காருக்கு 1,500 கேட்கிறார்கள். மிச்சம் எங்கே?

மோட்டாரின் சக்திக்கு சுமார் 800. மீதி 700 கூடுதல் நிரந்தரக் கட்டணம். பெட்ரோல் வாங்காததால் நீங்கள் கட்டாமல் விடும் எரிபொருள் வரிக்கு ஈடாக அதை வசூலிக்கிறார்கள். 95 பெட்ரோலில் லிட்டருக்கு 66 காசு வரி. ஆண்டுக்கு 17,000 கிலோமீட்டர் ஓட்டிய பெட்ரோல் கார் 1,200 லிட்டருக்கு 800 வெள்ளி வரி கட்டியிருக்கும். அப்படி ஓட்டுகிறவருக்கு இந்த 700 அதைவிடக் குறைவுதான்.

நீங்களோ ஆண்டுக்கு 7,000தான் ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு 330 வெள்ளி பெட்ரோல் வரிக்குப் பதில் 700 போகிறது. குறைவாக ஓட்டுகிறவருக்கு மின்சாரக் காரின் மிச்சம் குறைவு என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஈசூன்: காரை நிறுத்திவைத்தாலே பேட்டரி நாளுக்குப் பத்து விழுக்காடு குறைகிறது.

காவல் கேமராவை அணையுங்கள். கேமராவும் அதற்காக விழித்திருக்கும் கணினியும் சுமார் 250 வாட் எடுக்கும். ஒரு நாளைக்கு 6 யூனிட், மாதம் 180 யூனிட். 60 காசு வீதம் பார்த்தால் 100 வெள்ளிக்கு மேல், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல். வீட்டுக் கீழே நிற்கும்போது மட்டும் அணையும்படி இடம் குறித்துவைக்கலாம். செயலியை அடிக்கடி திறந்து பார்ப்பதும் காரை எழுப்பிவிடும்.

தெம்பனிஸ்: பேட்டரியை 80 விழுக்காடு வரை சார்ஜ் போடுவதா, 100 விழுக்காடு வரையா?

பேட்டரி எந்த வகை என்று எழுதவில்லை. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்றால் வாரம் ஒரு முறை 100 வரை போடுங்கள், இல்லாவிட்டால் மீதி எவ்வளவு என்பதைக் கார் தவறாகக் காட்ட ஆரம்பிக்கும். என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) என்றால் தினசரி 80, நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100. எதுவானாலும் 100ஐ எட்டிய காரை மேல்தளத்து வெயிலில் நாள்கணக்கில் விடாதீர்கள்.

டிசி சார்ஜரில் 80க்கு மேல் எப்போதும் போடாதீர்கள். அதற்குப் பின் சார்ஜ் ஏறும் வேகம் பாதியைவிடக் குறைந்துவிடும். பின்னால் இன்னொருவர் காத்திருக்கிறார். சில இடங்களில் காலதாமதக் கட்டணமும் உண்டு.

சுவா சூ காங்: பேட்டரி 70 விழுக்காடு இருந்தும் கார் திறக்கவே இல்லை. பேட்டரி போய்விட்டதா?

போனது 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சை இயக்குவது அதுதான். நம் வெப்பத்தில் மூன்று நான்கு ஆண்டுதான் தாங்கும், டேஷ்கேமை நேரடியாக அதில் இணைத்திருந்தால் இன்னும் குறைவு. மூன்றாம் ஆண்டு சர்வீஸில் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆங் மோ கியோ: வார இறுதியில் மலேசியாவின் ஜோகூருக்குப் போகிறோம். எல்லை தாண்டும் காரில் முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி மாதிரி ஏதாவது உண்டா?

அந்த விதி மின்சாரக் காருக்குப் பொருந்தாது. மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி மின்சாரக் காருக்கும் கட்டாயம். 2025 ஜூலை 1 முதல் இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். சார்ஜ் முனை அங்கேயும் இங்கே உள்ளதுதான், டைப் 2, சிசிஎஸ் 2. அங்கே உள்ள சார்ஜர் செயலிகளைக் கிளம்பும் முன்பே இறக்கி, கார்டு எண்ணைப் பதிந்துவிடுங்கள். எல்லையைத் தாண்டியதும் இணையம் கிடைக்காமல் சார்ஜர் முன்னால் நிற்பவர்கள் அதிகம். பாலத்தில் இரண்டு மணி நேரம் ஏர்கானோடு நின்றால் 2 முதல் 3 யூனிட் போகும், அதாவது 20 கிலோமீட்டருக்குள். ஞாயிறு மாலை திரும்பும்போது 25 விழுக்காட்டுக்குக் குறையாமல் வைத்திருங்கள்.