டியூஷன் சென்டர் என்று போர்டு வைத்தால் போதுமா?

கேள்வி: திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமத்தில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து 40 பிள்ளைகளுக்கு ஆரம்பப் பள்ளி தொடங்கப் போகிறோம். இடம் என் பெயரில் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய என் அண்ணன் 20 லட்சம் ரூபாய் தருகிறார். அங்கீகாரம் வரும்வரை டியூஷன் சென்டர் என்று நடத்தலாமா?

பதில்: கூடாது. பள்ளி வயதுப் பிள்ளைகள் காலை முதல் மாலைவரை அங்கேயே படித்தால், போர்டில் என்ன எழுதியிருந்தாலும் அது பள்ளிதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 18ஆம் பிரிவின்படி, அங்கீகாரமில்லாமல் நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 வரை. பிள்ளைகளுக்கு முறையான டி.சி.யும் தர முடியாது.

முதலில் அறக்கட்டளையையோ சங்கத்தையோ பதிவு செய்யுங்கள். அதன் பெயரில் பான், வங்கிக் கணக்கு. பிறகு உங்கள் நிலத்தை அதற்கு எழுதிக்கொடுங்கள், அல்லது நீண்டகாலக் குத்தகைக்கு விட்டுப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குப் போடும் 11 மாத ஒப்பந்தம் இங்கே செல்லாது. விவசாய நிலமென்றால், கட்டட அனுமதி வாங்கிய பிறகே அஸ்திவாரம் தோண்டுங்கள். கட்டிவிட்டு அனுமதிக்கு அலைகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தாசில்தாரின் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று நான்குக்கும் காலாவதி உண்டு. ஒன்றை வாங்கும்போது இன்னொன்று காலாவதியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'இயற்கைச் சூழல்' என்று கீற்றுக்கொட்டகை போடும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். 2004இல் கும்பகோணத்தில் கீற்றுக்கூரைப் பள்ளி தீப்பிடித்து 94 பிள்ளைகள் இறந்த பிறகு அதற்கு இடமே இல்லை.

அண்ணன் பணம்தான் உண்மையான சிக்கல். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாட்டுவாழ் இந்தியர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தந்தால் பிரச்சினையில்லை. உங்கள் அண்ணனோ சிங்கப்பூர்க் குடிமகன், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். ஆகவே வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மத்திய உள்துறையின் முன்அனுமதி பெறாமல் அறக்கட்டளை அதைத் தொடவே கூடாது. "எனக்கு அனுப்பட்டும், நான் நன்கொடையாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று தோன்றும். உறவினர் பணத்தை உங்கள் செலவுக்கு நீங்கள் வாங்கலாம். அதையே அறக்கட்டளைக்குத் திருப்பினால், இன்னொருவர் கைமாறி வந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. தண்டனை ஐந்தாண்டு வரை சிறை.

ஐந்து குடும்பங்களும் போடும் பணத்தை, யார் பிள்ளையின் சேர்க்கையோடும் முடிச்சுப் போடாமல், தொடக்கத்திலேயே மூலநிதியாகக் காட்டுங்கள். சேர்க்கையின்போது 'கட்டட நிதி' என்று வாங்கினால் அது கேபிடேஷன் கட்டணம், அதாவது சட்டம் தடைசெய்த சேர்க்கை நன்கொடை. வாங்கிய தொகையைப்போல் பத்து மடங்கு வரை அபராதம். மாதக் கட்டணத்தையும் நீங்களாக முடிவு செய்ய முடியாது, கட்டண நிர்ணயக் குழுவிடம் போக வேண்டும். நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிவடைந்த பிரிவினருக்கு. அதற்கு அரசு திருப்பித் தரும் பணம் தாமதமாகத்தான் வரும். முதல் வருட ஆசிரியர் சம்பளக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.