'வில்' போட்டால்தான் எதிர்காலமா?

கேள்வி: புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பயணச்சீட்டு எடுத்து, தங்குமிடமும் உறுதியான பிறகு, மேலதிகாரிக்கு 'ஐ வில் கோ டு சென்னை ஆன் மண்டே' என்று மின்னஞ்சல் எழுதினேன். 'அப்படியானால் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லையா?' என்று அவர் கேட்டுவிட்டார். எதிர்காலம் என்றால் 'வில்', 'ஷேல்' என்றுதானே பள்ளியில் படித்தோம்? என் வாக்கியத்தில் என்ன பிழை?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பிழை என்று சொல்லிவிட முடியாது, உங்கள் மேலதிகாரி சற்றுக் கறாரானவர் போலிருக்கிறது. ஆனால் அவர் காதில் விழுந்தது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். தமிழில் 'வருவேன்' என்னும்போது காலம் காட்டும் 'வ்' வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கில வினைச்சொல்லுக்குள் அப்படி எதிர்காலம் காட்டும் உறுப்பு எதுவும் கிடையாது. நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் மட்டுமே அதில் வடிவம் உண்டு. எதிர்காலத்துக்கு அது எப்போதும் வேறொன்றைத் துணைக்கு அழைக்கிறது. 'வில்' என்பதே பழைய ஆங்கிலத்தில் 'விரும்பு' என்று பொருள்பட்ட சொல்தான். ஆகவே நடக்கப்போவது என்றைக்கு என்பதை 'மண்டே' போன்ற சொற்களிடம் விட்டுவிட்டு, அந்தச் செய்தி இந்த நிமிடத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் ஆங்கிலத்தின் வினைவடிவம் பெரும்பாலும் காட்டுகிறது: இப்போதுதான் முடிவெடுத்தீர்களா, முன்பே மனத்தில் இருந்ததா, ஏற்பாடே முடிந்துவிட்டதா?

ஏற்பாடு முடிந்ததற்கு உரிய வடிவம் 'ஐ ஆம் கோயிங் டு சென்னை ஆன் மண்டே'. வேடிக்கை என்னவென்றால், வீட்டில் இதை எப்படிச் சொல்லியிருப்பீர்கள்? 'திங்கட்கிழமை சென்னைக்குப் போகிறேன்' என்றுதானே? டிக்கெட் கையில் இருக்கும்போது தமிழும் நிகழ்காலத்தையே எடுத்துக்கொள்கிறது. உங்கள் தாய்மொழியைக் கேட்டு எழுதியிருந்தால் சரியாக வந்திருக்கும். பள்ளிப் பாடம்தான் குறுக்கே நின்றுவிட்டது.

எல்லா இடத்திலும் தமிழை நம்பிப் போக முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் தொலைபேசி அடிக்கிறது. 'நான் எடுக்கிறேன்' என்கிறோம். விடைபெறும்போது 'அப்புறம் கூப்பிடுகிறேன்' என்கிறோம். அந்த நொடியில் பிறந்த முடிவையும் வாக்குறுதியையும் தமிழ் நிகழ்காலத்தில் சொல்கிறது. ஆங்கிலம் அங்கேதான் 'வில்' கேட்கிறது. 'ஐ வில் ஆன்ஸர் இட்', 'ஐ வில் கால் யூ லேட்டர்' என்பனவே சரி. நம்மவர் பலர் 'ஐ ஆம் காலிங் யூ லேட்டர்' என்று சொல்வது இந்தத் தமிழ் நிகழ்காலத்தின் நிழல்.

இனி 'கோயிங் டு'. மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே வானம் கறுத்து வருகிறது, காற்றில் ஈரம் ஏறுகிறது, சுண்டல் விற்பவர் பாத்திரத்தை மூடிவிட்டு நடையைக் கட்டுகிறார். 'மழை வரப்போகிறது' என்கிறீர்கள். கண்ணெதிரே அடையாளம் இருப்பதால் ஆங்கிலத்திலும் 'இட் ஈஸ் கோயிங் டு ரெய்ன்'. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி 'இந்த ஐப்பசியில் நல்ல மழை பெய்யும் என்று நினைக்கிறேன்' என்றால் அது வெறும் கணிப்பு. அதற்கு 'வில்' போதும். முன்பே மனத்தில் கொண்ட எண்ணத்துக்கும் 'கோயிங் டு' பொருந்தும்: 'வீடு கட்டப்போகிறேன்' என்பவர் மனை பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை, மனத்தில் முடிவு செய்திருந்தால் போதும். 'போ' என்னும் வினையை எதிர்காலத்துக்குத் துணை சேர்க்கும் வழக்கம் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும் உரியதன்று. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேட்டால், புறப்படப்போவதை 'ழ வே பார்த்தீர்' என்று அங்கும் 'போ'வை வைத்தே சொல்வதாகக் கூறுவார்கள்.

ரயில், பேருந்து, தேர்வு, வகுப்பு போல அட்டவணைக்குக் கட்டுப்பட்டவற்றுக்குச் சாதாரண நிகழ்காலமே போதும்: 'த ட்ரெயின் லீவ்ஸ் அட் ஸிக்ஸ்'. அழைப்பிதழிலும் அரசு அறிவிப்பிலும் மட்டும், எல்லாம் முன்பே ஏற்பாடாகியிருந்தாலும், 'வில்' என்றே எழுதுவது மரபு. நம் அழைப்பிதழ்களில் 'திறந்து வைப்பார்' என்று வருவதைப் போல.

கேள்வி: 'வென் ஹி வில் கம், ஐ வில் டெல் யூ' என்று என் மகள் எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். ஆனால் 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்' என்பதைச் சரி என்கிறார். இரண்டிலும் 'வென்' தானே?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஆசிரியர் செய்தது சரி. இரண்டையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். முதலாவது 'அவர் வந்ததும் சொல்கிறேன்' அல்லது 'வரும்போது சொல்கிறேன்'. இரண்டாவது 'அவர் எப்போது வருவார் என்று தெரியவில்லை'. தமிழிலேயே இரண்டும் வேறு வேறு கட்டுமானங்கள். ஆங்கிலத்தில் 'வென்' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்வதால்தான் குழப்பம். '-ஆல்', '-போது', '-உடன்', '-வரை' என்று தமிழில் முடியும் இடங்களில் 'வில்' வராது: 'இஃப் இட் ரெய்ன்ஸ்', 'வென் ஹி கம்ஸ்', 'அன்டில் ஷி கால்ஸ்'. 'எப்போது… என்று' என்று வரும் இடத்தில் தாராளமாக வரும். 'மழை பெய்தால்' என்னும்போது நாமும் அங்கே எதிர்காலம் காட்டுவதில்லை என்பதை உங்கள் மகளுக்குக் காட்டினால் விதி மனத்தில் நின்றுவிடும்.

கேள்வி: 'ஐ', 'வீ' இரண்டுக்கும் 'ஷேல்' தான் வர வேண்டும் என்று நாங்கள் படித்தோம். இன்றைய பிள்ளைகள் 'வில்' என்கிறார்களே?
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நெல்லிக்குப்பம்

பதில்: நீங்கள் படித்த விதி ஜான் வாலிஸ் என்பவர் 1653-இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலிலேயே காணப்படுவது. ஆனால் பேசுபவர்கள் அதற்கு முழுமையாகக் கட்டுப்பட்டதில்லை. இன்று 'ஐ', 'வீ' இரண்டுக்கும் 'வில்' போதும். 'ஷேல் ஐ ஓப்பன் த விண்டோ?' என்று இசைவு கேட்பதிலும், ஒப்பந்தம், சட்டம் ஆகியவற்றில் கட்டாயத்தைக் குறிப்பதிலும் 'ஷேல்' இன்னும் வாழ்கிறது.

கேள்வி: கடலூரிலிருந்து பேருந்தில் வரும்போது தவளக்குப்பத்தில் இருந்தபடியே 'வந்துவிட்டேன்' என்று தொலைபேசியில் சொல்வது நம் வழக்கம். அதையே ஒரு வாடிக்கையாளரிடம் 'ஐ ஹேவ் கம்' என்று சொல்ல, அவர் வாசலுக்கு வந்து தேடியிருக்கிறார். தமிழிலும் இது தவறுதானா?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: தமிழில் தவறில்லை, உங்களுக்கு நன்னூலே துணை இருக்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்களால் ஒரு காலத்துக்கு உரியது இன்னொரு காலத்தால் சொல்லப்படலாம் என்று பவணந்தி முனிவர் இடம் கொடுத்திருக்கிறார். தவளக்குப்பத்திலிருந்து 'வந்துவிட்டேன்' என்பது விரைவு பற்றிய காலமயக்கம். இந்தச் சலுகை ஆங்கிலத்துக்குச் செல்லாது. 'ஐ ஹேவ் கம்' என்றால் ஆள் கண்ணெதிரே நிற்க வேண்டும். வழியில் இருக்கும்போது 'ஐ ஆம் ஆன் மை வே' என்றோ, 'ஐ வில் பி தேர் இன் டுவென்டி மினிட்ஸ்' என்றோ சொல்லுங்கள். நிமிடக் கணக்கை மட்டும் முருங்கப்பாக்கத்து நெரிசலையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.