பூனை நகம் பட்டால் ஊசி வேண்டுமா? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

பூனை முடி வயிற்றுக்குள் போனால் ஆஸ்துமா வரும் என்கிறார் என் மாமியார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடவா?

சோற்றோடு உள்ளே போன முடி அப்படியே வெளியே வந்துவிடும், ஆஸ்துமா வராது. ஆனாலும் மாமியாரின் பயத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. பூனையின் எச்சிலிலும் தோலிலும் 'ஃபெல் டி 1' என்றொரு புரதம் இருக்கிறது. பூனை உடம்பை நக்கும்போது அது முடியில் ஒட்டி, காய்ந்து, தூசியாகப் பறக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதனால் தும்மல், கண் அரிப்பு, இளைப்பு வரலாம். உங்கள் குழந்தைக்கு இதெல்லாம் இல்லையென்றால் பூனை இருக்கட்டும், படுக்கையறைக்குள் மட்டும் விடாதீர்கள். ஏற்கெனவே வீசிங் இருந்தால் மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள்.

வீட்டுப் பூனைதான். விளையாடும்போது கையில் கீறி லேசாக ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்திருக்கிறேன். போதுமா?

போதாது. மஞ்சளைக் கழுவிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பலரும் ஒரு நிமிடத்திலேயே கையை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் என்றால் நாய் மட்டும்தான் நம் நினைவுக்கு வருகிறது. பூனைக்கும் அது வரும். பூனை தன் பாதத்தை நக்குவதால் நகத்திலும் எச்சில் இருக்கும்.

தோலுக்குள் போடும் ரேபிஸ் தடுப்பூசி என்றால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் எதிர்ப்புரதம்) ஊசியும் தேவைப்படும். பூனையைப் 10 நாள் கவனிப்பது நல்லதுதான், ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். "பூனைக்குத் தடுப்பூசி போட்டாச்சே" என்றும் இருந்துவிடாதீர்கள். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோயிலிருந்து காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். தயவுசெய்து இன்றே கிளம்புங்கள்.

மூன்று மாதக் கர்ப்பிணி நான். பூனை இருந்தால் கரு கலைந்துவிடும் என்கிறார்களே?

டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கலாம், கருச்சிதைவும் ஆகலாம். ஆனால் பூனையைத் தடவுவதால் அது பரவுவது அரிது. அதன் மலத்தில்தான் முட்டைகள் வெளியேறும். அவை தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். எனவே பூனை மலம் கழிக்கும் மணல் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யட்டும். தோட்ட மண்ணைத் தொட்டால் கையுறை போடுங்கள். சரியாக வேகாத கறியாலும் இது வரும். பூனையைத் துரத்திவிட்டு அரைவேக்காட்டுக் கறி சாப்பிட்டால் பயனில்லை.

பூனை கீறி இரண்டு வாரம் ஆகிறது. இப்போது மகனுக்கு அக்குளில் நெறி கட்டி, காய்ச்சலும் இருக்கிறது.

'பார்டோனெல்லா' என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். பூனைகளிடையே இதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி. பெரும்பாலும் தானே சரியாகிவிடும், ஆனாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். கீறல் பற்றி மறக்காமல் சொல்லுங்கள். ரேபிஸ் ஊசி போடாமல் விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், இப்போதும் போடலாம்.

குட்டிக்கு முடி கொட்டுகிறது, என் கையில் வட்டமாக அரிப்பு.

படர்தாமரை போலிருக்கிறது. குட்டியைக் கால்நடை மருத்துவரிடமும் உங்கள் கையைத் தோல் மருத்துவரிடமும் காட்டுங்கள். ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் திரும்ப வரும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அரிப்பு அடங்கினாலும் பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும்.